தறிச் சத்தத்துக்கு நடுவே ஜெபம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோமனூர், பல்லடம், திருப்பூர் பக்கத்து வீட்டுக் கூட்டங்களிலும், ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசும்போதும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்டவர்களில் சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என எல்லாச் சபையினரும் உண்டு. பதில்கள் ஒரு சாதாரணச் சபை உறுப்பினரின் பதில்கள்தான். உங்கள் ஆயரோ பங்குத்தந்தையோ வேறு மாதிரி சொன்னால் அவரிடமே உட்கார்ந்து பேசுங்கள். வசனங்களுக்குப் பழைய மொழிபெயர்ப்பை எடுத்திருக்கிறேன். எனக்கு வாயில் வருவது அதுதான்.

அமைதி இருந்தால்தான் ஜெபம் ஆகுமா?

இல்லை. எரிகோவில் பர்திமேயு கூட்டத்துக்கு நடுவே கத்தித்தான் கூப்பிட்டான். பேசாதிரு என்று அதட்டினார்கள், இன்னும் அதிகமாகக் கத்தினான், இயேசு நின்றார். நெகேமியா ராஜாவின் எதிரில் நின்றபடி, அவர் கேட்ட கேள்விக்கும் தான் சொன்ன பதிலுக்கும் இடையில் ஜெபித்துவிட்டான். பவுலும் சீலாவும் கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, மற்றக் கைதிகள் கேட்கப் பாடினார்கள். ஆகவே பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் ஜெபித்தது கணக்கில் வராது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அப்படியானால் அமைதியைத் தேடி எதற்கு அலைய வேண்டும்?

இயேசு தேடியிருக்கிறார், அதனால்தான். மாற்கு முதல் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். கப்பர்நகூமில் சாயங்காலம் ஊரே வீட்டு வாசலில் கூடிவிட்டது. நோயாளிகள், பிசாசு பிடித்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அடுத்த வசனங்களில், ‘அதிகாலையில், இருட்டோடே எழுந்து’ வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய்விட்டார். சீமோன் தேடிக்கொண்டு வந்து ‘உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்’ என்கிறான். அவர் திரும்பக் கப்பர்நகூமுக்குப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். எங்கே போக வேண்டும் என்ற முடிவு அந்தத் தனிமையில் தெளிந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன். கூட்டத்துக்கு நடுவிலேயே இருந்திருந்தால் கூட்டம் இழுத்த பக்கம்தானே போயிருக்க வேண்டும்?

நமக்கும் அதேதான். சத்தத்தில் ஜெபிக்க முடியும். ஆனால் சத்தத்தில் பெரும்பாலும் நாம் கேட்பதற்கு மட்டுமே நேரம் இருக்கிறது. கடன் அடைய வேண்டும், பையனுக்கு ஜுரம் இறங்க வேண்டும், ஆர்டர் வர வேண்டும். அவர் என்ன சொல்கிறார் என்று காத்திருக்க வேறு மாதிரி நேரம் வேண்டும்.

என் வீட்டைச் சுற்றிலும் தறிங்க. எந்த நேரத்தில்தான் ஜெபிப்பது?

ஊருக்கு ஊர் சத்தத்துக்கென்று ஒரு கால அட்டவணை இருக்கிறது. அமைதியைத் தேடுகிறவர் முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும் என்பேன். ஜெபப் புத்தகம் வாங்குவதெல்லாம் அப்புறம். ஒரு வாரம் காது கொடுத்தால், சத்தம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

விசைத்தறி ஊர்களில் பல இடங்களில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஆள் மாறும்போது சில தறிகள் நிற்கும், எல்லாம் ஒரேயடியாக நிற்காது. அந்த இடைவெளியை நம்பி உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். ஆனால் துணை மின்நிலையப் பராமரிப்பு என்று மாதத்தில் ஒரு நாள் கரண்ட்டை நிறுத்துவார்கள். முதல் நாளே பேப்பரில் வந்துவிடும். பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து மாலை வரை. கூலிக்கு ஓட்டுகிற சிறு தறிக்காரர்களிடம் ஜெனரேட்டர் கிடையாது. அன்றைக்கு வீதியில் காக்காய் கத்துவதும் அடுத்த வீட்டில் தேங்காய் துருவுவதும்கூடக் கேட்கும். ஃபேன் ஓடவில்லை என்று எல்லாரும் அலுத்துக்கொள்ளும் அந்த நாளை மாதத் தியான நாளாகக் குறித்துவையுங்கள். வேப்பமரத்தடியில் ஒரு பாய் போதும்.

திருப்பூரில் கணக்கு வேறு. காலையில் கம்பெனி வேன்கள் ஓட ஆரம்பித்தால் ராத்திரி வரை ரோடு ஓயாது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம், ஊரே கடைவீதியில். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் அசந்து தூங்கும். அந்த இரண்டு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். ஈரோட்டில் ஜவுளிச் சந்தை வீதிகளுக்குத் திங்கள் இரவே தூக்கம் போய்விடும், செவ்வாய் முழுக்கச் சந்தை. புதன்கிழமை காலை பரவாயில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் பட்டறைகளுக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கும், அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லா ஊருக்கும் பொதுவானது விடியற்காலை. நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில், பால்காரர் வருவதற்கு முன்னால். ஆனால் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவரிடம் ‘அதிகாலையில் எழுந்து ஜெபியுங்கள்’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவருக்கு ஷிப்ட் முடிந்து வீடு வரும் நேரம்தான் அதிகாலை. பேதுரு மேல்வீட்டில் ஏறி ஜெபித்தது ஆறாம் மணி நேரத்தில், அதாவது உச்சிவெயிலில். ஈசாக்கு தியானம்பண்ண வெளியே போனது சாயங்காலம்.

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பது. உடம்பில் தெம்பே இல்லை. என்ன செய்ய?

ராத்திரி ஜெபத்தை இரண்டு நிமிடத்துக்குச் சுருக்குங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம்.

அப்புறம், பகலில் ஒரு டீ நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் வேண்டாம், டீக்கடையில் நாலு பேரோடு நின்று பேசுவதும் தேவையான காரியம்தான். வாரத்தில் இரண்டு நாள், டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு காம்பவுண்ட் சுவர் ஓரமாக, பீஸ் மூட்டை அடுக்கியிருக்கும் பக்கம் போய் நின்றால் யாரும் கேட்கப்போவதில்லை. காலையில் கைப்பேசியில் படித்த ஒரு வசனத்தை மட்டும் மனதுக்குள் மறுபடி ஓட்டுங்கள். டீ முடிந்ததும் ஜெபம் முடிந்தது.

ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுகிறது.

தூங்குங்கள். சாகவேண்டும் என்று கோரி சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவைத் தேவதூதன் திட்டவில்லை. அடையும் தண்ணீரும் வைத்தான், திரும்பத் தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேபில் ‘அமர்ந்த மெல்லிய சத்தம்’ கேட்டது அதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் நடந்த பிறகு. வாரம் முழுக்க ஐந்து மணி நேரம் தூங்குகிறவர் தேட வேண்டிய முதல் காரியம் தூக்கம். நன்றாகத் தூங்கியும் தூக்கம் வருகிறது என்றால் பாயில் உட்காராதீர்கள், மொட்டை மாடியில் நடந்துகொண்டே ஜெபியுங்கள்.

லைன் வீடு, ஒரே அறை. கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொல்கிறாரே இயேசு, எந்தக் கதவைப் பூட்டுவது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ஒரு அக்காவுக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. கூட்டத்தில் இருந்த இன்னொரு அம்மா சொன்னார்: ‘ஏனம்மிணி, தண்ணி பிடிக்கப் போற வரிசையில நிக்கறப்ப யாரு உன் வாயைப் பார்க்கறாங்க?’

அன்னாள் சீலோவில் அப்படித்தான் ஜெபித்தாள். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் இல்லை. ஆசாரியன் ஏலிகூட அவளைக் குடிகாரி என்று நினைத்துவிட்டான். சுற்றிலும் ஆள் இருக்கும்போதே தனியாக இருக்க முடியும் என்பதற்கு அவளைவிட நல்ல சாட்சி வேதத்தில் இல்லை. இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா, வீடு நிறையப் பிள்ளைகளுக்கு நடுவே, மேலங்கியைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு ஜெபிப்பார், அப்போது யாரும் அம்மாவைக் கூப்பிடக்கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம் என்று சொல்வார்கள். நம் பெண்களுக்கு அந்த மேலங்கி ஏற்கெனவே இருக்கிறது. ஜெபத்துக்கு முக்காடு போடுகிறோம் அல்லவா? முக்காடு போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் அம்மா இப்போது இல்லை என்று மூன்று வயதுக் குழந்தைக்கும் பழகிவிடும். உடனே பழகாது, சில வாரம் ஆகும்.

லைன் வீட்டுக்கு மேலே மொட்டை மாடி இருந்தால் வீட்டு ஓனரிடம் சொல்லிவைத்துவிட்டு ஏறுங்கள். துணி காயப்போடும் கொடிகளுக்கு நடுவே நல்ல இடம் கிடைக்கும்.

கைக்குழந்தையும், பள்ளிக்கூடம் போகிற ஒன்றும். பத்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

இதற்குப் பதில் கேட்டவருக்கு அல்ல, அவர் வீட்டுக்காரருக்கு.

நம் வீடுகள் பலவற்றில் அப்பா ஜெபிக்கும்போது டி.வி. அணைந்துவிடும், பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள். அம்மா ஜெபிக்கும்போது குக்கர் விசிலையும் அவரே எண்ண வேண்டும், ‘அம்மா, சாக்ஸ் எங்கே?’ என்பதற்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஒரு மணி நேரம் தனித்திருந்து ஜெபித்தேன் என்று சாட்சி சொல்கிற அண்ணன்மார்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் அடுப்படியில் யார் இருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. குழந்தை அழாமல் பார்த்துக்கொண்டவர் யாரோ, அவர் கொடுத்த அமைதி அது.

ஆகவே முறை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நீங்கள் என்றால், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுங்கள். தெருமுனை வரை ஒரு நடை. பாத்திரம் கழுவிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. அவர் அந்த நேரத்தில் ஜெபிக்கிறாரா, சும்மா கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறாரா என்று வந்து விசாரிக்க வேண்டாம்.

பெரிய பிள்ளைகளோடு குடும்ப ஜெபம் செய்கிற வீடுகளில் பாட்டு, வாசிப்பு, ஜெபம் என்று மூச்சுவிடாமல் போகிறது. வாசிப்புக்குப் பிறகு ஒரு நிமிடம் எல்லாரும் சும்மா இருங்கள். முதல் நாள் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

தறி ஓட்டிக்கொண்டே ஜெபிக்கலாமா?

கண்ணை மூட வேண்டாம், கை மெஷினில் இருப்பதை மறந்துவிட வேண்டாம். அதைச் சொல்லிவிட்டால் மிச்சம் எல்லாம் சரிதான்.

நீண்ட ஜெபம் அங்கே ஆகாது. கிழக்கத்தியச் சபைகளில் நூற்றாண்டுகளாக ஒரு வரி ஜெபம் உண்டு: ‘ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்.’ பர்திமேயுவின் கூப்பாடும், லூக்கா 18இல் வரும் ஆயக்காரனின் ஜெபமும் சேர்ந்தது போல இருக்கும். எகிப்து வனாந்தரத் துறவிகளிடம் பழகிய இந்த வகைச் சிறு ஜெபத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்வார்கள். பாவு நூல் பிணைக்கும்போதும், நாடாவில் தார் (நூல் சுற்றிய குச்சி) மாற்றும்போதும் சொல்லலாம். பாரிஸில் 17ஆம் நூற்றாண்டில் கார்மேல் சபை மடத்துச் சமையலறையில் வேலை பார்த்த லாரன்ஸ் என்ற சகோதரர், சட்டி பானைச் சத்தத்துக்கு நடுவேயும் தேவனோடு இருக்க முடிகிறது என்று சொன்னதற்காகவே இன்றுவரை நினைக்கப்படுகிறார். அவர் போதகரும் அல்ல, படித்தவரும் அல்ல.

தறிக்காரர்களுக்கு இதில் ஒரு அனுகூலமும் உண்டு. இருபது சாதாத் தறி ஓடும் கூடத்தில் புதிதாக நுழைகிறவனுக்கு எல்லாம் ஒரே இரைச்சல். பழகினவருக்கு அதில் ஒரு தறி தாளம் தப்பினால் உடனே காதில் விழும், திரும்பிப் பார்ப்பதற்குள் கை அந்தத் தறியை நிறுத்தப் போய்விடும். சத்தத்துக்குள்ளே ஒன்றை மட்டும் பிரித்துக் கேட்கிற அந்தக் காது ஜெபத்துக்கும் உதவும்.

வெளியே சத்தம் நின்றால் மனசுக்குள் ஆரம்பித்துவிடுகிறது. இதற்கு என்ன வழி?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், ஆனால் யாரும் கூட்டத்தில் கேட்பதில்லை. செருப்பு மாட்டும்போது மெதுவாகக் கேட்பார்கள்.

இது உங்களுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. நாலாம் நூற்றாண்டில் எல்லாவற்றையும் விட்டு எகிப்தின் பாலைவனத்துக்குப் போனவர்கள் எழுதி வைத்ததில் பெரும்பகுதி இதைப் பற்றியதே. பக்கத்தில் ஆளில்லை, வண்டியில்லை, சந்தையில்லை, மண்டைக்குள் சந்தை. அவர்களில் எவாகிரியு என்ற துறவி, மனதுக்குள் வந்து போகும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தே வைத்தார். சாப்பாட்டு ஆசை, கோபம், துக்கம், மத்தியான வேளையில் வரும் சலிப்பு, வீண் பெருமை என்று போகிறது அந்தப் பட்டியல். அந்த மத்தியானச் சலிப்பைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால், சூரியன் நகரவே இல்லை என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தத் துறவி நம் ஆபீஸில் பக்கத்து நாற்காலியில் இருக்கிறாரோ என்று தோன்றும்.

அவர்களில் சிலர் கண்ட வழி, எண்ணங்களோடு மல்லுக்கட்டாதே, வந்ததை வந்தது என்று பார்த்துவிட்டு ஜெப வரிக்குத் திரும்பு என்பதே. நாமும் அதைச் செய்யலாம். ஆனால் நம் எண்ணங்களில் பாதி வெறும் எண்ணங்கள் இல்லை, நிஜமான காரியங்கள். நாளைக்குச் சீட்டுப் பணம் கட்ட வேண்டும். நூல் விலை ஏறிவிட்டது. மாமனார் வீட்டு நிலத் தகராறு. ஆகவே ஒரு பழைய நோட்டும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். முதல் ஐந்து நிமிடம் மண்டையில் ஓடுவதை எல்லாம் எழுதுங்கள். ‘சீட்டு, 5,000, வியாழக்கிழமை.’ ‘தங்கச்சிக்குப் போன் பண்ணவில்லை.’ எழுதி முடித்ததும் நோட்டை மூடி, அதன்மேல் கையை வைத்து, ‘கர்த்தாவே, இதெல்லாம் இருக்கிறது’ என்று சொல்லுங்கள். சங்கீதக்காரர்கள் கவலைகளை மூடி வைத்துவிட்டு ஜெபிக்க வரவில்லை, கவலைகளையே ஜெபத்தில் கொட்டினார்கள். எழுதியதை மனம் திரும்பப் பிடித்துக்கொள்ளத்தான் பார்க்கும், ஆனால் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

இதையும் மீறி நெஞ்சு படபடக்கிறது, பல வாரமாகத் தூக்கமே இல்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

முப்பது வருடம் தறி ஓட்டினேனுங்க. இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்தால் காதுக்குள் ஒரே ரீங்காரம். எனக்கு அமைதி என்பதே இல்லையா?

தறிக்கூடத்தில் பல வருடம் இருந்தவர்களுக்கு இது வருகிறது. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெலைத் தாண்டினால் காதுக்கு ஆபத்து என்பது பல நாடுகளில் வைத்திருக்கும் கணக்கு, தறிக்கூடங்கள் அதைத் தாண்டுகின்றன. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கேட்கும் திறன் எவ்வளவு இருக்கிறது என்றும் சோதித்துக்கொள்ளுங்கள். இந்த இரைச்சல் சுற்றிலும் நிசப்தமாக இருக்கும்போதுதான் பெரிதாகத் தெரியும். அதனால் நீங்கள் நிசப்தத்தைத் தேட வேண்டாம். ஃபேன் ஓடட்டும், அல்லது வாய்க்கால் மதகு, மோட்டார் தண்ணீர் விழும் தொட்டி போல லேசான சத்தம் உள்ள இடத்தில் உட்காருங்கள். சங்கீதத்தை வாய்விட்டு மெதுவாக வாசிப்பதும் நல்லது.

இன்னும் வேலையில் இருக்கும் பையன்களிடம் காதில் அடைப்பான் போடச் சொல்லுங்கள். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

பக்கத்து மாரியம்மன் கோவில் நோன்பு. பதினைந்து நாளாக மைக். ஜெபமே போச்சு.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது; பண்டிகைகளுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை அரசு தளர்த்தலாம். இந்த விதி கோவில், பள்ளிவாசல், சர்ச், கட்சிக் கூட்டம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

இப்போது நம் பக்கத்தைப் பார்ப்போம். முழு இரவு ஜெபம், மூன்று நாள் எழுப்புதல் கூட்டம், கிறிஸ்துமஸ் கேரல் பவனி. நம் குழாய் ஒலிபெருக்கி யார் வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருக்கிறது? அங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கலாம். முதலில் நம்முடையதைக் கழற்றி, ஸ்பீக்கரை ஆலயத்துக்குள் வைத்துவிட்டு, அப்புறம் கோவில் தர்மகர்த்தாவிடம் போய், ‘ஏனுங்க, பத்து மணிக்கு மேல கொஞ்சம் குறைச்சுக்கலாங்களா’ என்று கேளுங்கள். நம் ஊரில் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் கேட்பார்கள். அந்தப் பதினைந்து நாளும் அவர்கள் சத்தத்தை எதிர்த்துப் ‘போர் ஜெபம்’ என்று நாம் ஒரு மைக் போடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத காரியம்.

சத்தமாக ஜெபிப்பது தவறா?

தவறே இல்லை. சங்கீதங்கள் பாதி கூப்பிடுதலும் கெம்பீரமும்தான். ஒரு மணி நேரக் கூட்டத்தில் ஐந்து நிமிடமாவது மூச்சுவிட இடம் இருக்கட்டும், அவ்வளவுதான்.

வெள்ளியங்கிரி அடிவாரத்திலும் ஆழியாற்றிலும் தியானம் சொல்லித் தருகிறார்கள். நாம் சும்மா உட்காருவதும் அதுவும் ஒன்றா? கிறிஸ்தவர்கள் மௌனமாக இருக்கலாமா?

மௌனம் கிறிஸ்தவத்துக்குப் புதிது இல்லை. பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டிலேயே தன் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில் மௌனத்துக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கினார். 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ, வேதத்தை வைத்து ஜெபிப்பதற்கு நாலு படி சொன்னார்: வாசி, அசைபோடு, ஜெபி, பிறகு அவர் முன் சும்மா இரு. எங்கள் வீட்டுக் கூட்டத்தில் இதைத்தான் செய்கிறோம். சின்னப் பகுதி ஒன்றை, அதிகம் போனால் பத்து வசனம், மூன்று தடவை மெதுவாக வாசிக்கிறோம். யாருக்கு எந்தச் சொல் ஒட்டுகிறதோ அதோடு இருக்கிறார்கள்.

யோகா மையங்களில் நடப்பது வேறு நோக்கம் உள்ள பயிற்சி. அதை இழிவாகப் பேசும் அவசியமும் நமக்கு இல்லை. நாம் மௌனமாக இருப்பது ஒருவர் பேசுவதைக் கேட்க. ‘கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்’ என்று சாமுவேலுக்கு ஏலி கற்றுக்கொடுத்தது அதுதான். மூச்சைக் கவனிப்பதும் முதுகை நிமிர்த்தி உட்காருவதும் யாருக்கும் தனிச் சொத்தில்லை.

எல்லைகளை இன்னும் தளர்த்திப் பார்த்தவர்களும் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். கரூர் மாவட்டம் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், 1950இல் ஜூல் மோன்ஷனென், ஆன்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சாந்திவனம் என்றால் எல்லாருக்கும் தெரியும். காவி உடுத்தி, தரையில் உட்கார்ந்து, இந்தியத் துறவு முறையில் கிறிஸ்துவை வழிபட முயன்றார்கள். 1968இல் வந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் 1993இல் இறக்கும்வரை அங்கே இருந்தார். அவர்கள் போன தூரம் வரை நான் போகமாட்டேன். என் சபையில் பலர் அதை ஏற்கவே மாட்டார்கள். ஆனால் அந்த ஆற்றங்கரையில் சாயங்கால ஜெபத்துக்கு உட்கார்ந்தவர்கள் யாரும் அங்கே அமைதி இல்லை என்று சொன்னதில்லை.

வருடத்தில் ஒரு நாளாவது எங்காவது போய் இருக்க வேண்டும். எங்கே போகலாம்?

பணம் இருந்தால் ஏற்காடு, குன்னூர், கோத்தகிரி. அங்கே துறவற மடங்களும் பல சபைகளின் தியான இல்லங்களும் உண்டு. முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். கோடை விடுமுறையில் போனால் டூரிஸ்ட் வண்டிச் சத்தம் கீழே இருப்பதைவிட அதிகம்.

பணம் இல்லை என்றால் பக்கத்து ஆலயமே போதும். கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயம் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே கத்தோலிக்கப் பணித்தளம். அக்டோபர் திருவிழாவைத் தவிர்த்து ஒரு வார நாளில் மத்தியானம் போனால் உள்ளே நாலைந்து பேர்தான் இருப்பார்கள். ஈரோட்டில் பன்னீர்செல்வம் பூங்கா பக்கம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரி ஏ.டபிள்யூ. பிரப் பெயரைத் தாங்கிய ஆலயம், ஊரின் மிக நெரிசலான இடத்தில் நிற்கிறது. அந்தக் காலச் சுவர்களுக்கு உள்ளே பஸ் ஹாரன் பாதியாகத்தான் வரும். கத்தோலிக்கக் கோவில்கள் பகலில் திறந்திருக்கும். நம் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பல வார நாட்களில் பூட்டியே கிடக்கின்றன. அடுத்த சபைக் கமிட்டியில் இதை யாராவது பேசினால் நல்லது. வாட்ச்மேனுக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு மத்தியானம் இரண்டு மணி நேரம் திறந்துவைக்கலாம், செலவு ஒன்றும் இல்லை.

கைப்பேசியை அணைக்க வேண்டுமா?

ஆமாம். வேதம் அதில்தான் இருக்கிறது என்றால் இருபது நிமிடத்துக்கு நெட்டையாவது நிறுத்துங்கள். அச்சிட்ட வேதமே மேல்.

எனக்கு அமைதிதானுங்க பிரச்சினை. அவர் போய்விட்டார், பையன்கள் கோயமுத்தூரிலும் பெங்களூரிலும். தோட்டத்து வீட்டில் நான் ஒருத்தி. சாயங்காலம் ஆனால் அந்த நிசப்தம் பயமாக இருக்கிறது.

அமைதியைப் பற்றிப் பேசும் எங்களைப் போன்றவர்கள் மறந்துவிடும் கேள்வி இது. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் காடுகளில் இப்படித் தனியாக இருக்கும் அம்மாக்கள் எத்தனையோ பேர்.

உங்களுக்கு நான் மௌன ஜெபத்தைச் சொல்லமாட்டேன். வாய்விட்டுப் பாடுங்கள், வாய்விட்டு வாசியுங்கள். ரேடியோவைப் போட்டுக்கொள்வதிலும் தப்பில்லை. இயேசுவே கெத்செமனேயில் தனியாக இருக்க விரும்பவில்லை, ‘என்னோடேகூட விழித்திருங்கள்’ என்று மூன்று பேரைக் கேட்டார். சாயங்காலம் ஆறரை மணிக்கு இன்னொருவரோடு போனில் சேர்ந்து ஒரு சங்கீதம் வாசிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு வசனம். சபையில் கேட்டால் இதற்கு ஒருவர் கிடைப்பார், கிடைக்காவிட்டால் அது சபையின் குறை. வாரத்தில் ஒரு நாள் உங்கள் வீட்டு வாசலிலேயே கூட்டம் வைக்கச் சொல்லுங்கள். டவுனில் லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு உங்கள் வாசலில் உட்கார்ந்தால் காது குளிரும், உங்களுக்கும் பேச்சுத்துணை. காப்பித்தண்ணி வைக்கிற வேலை மட்டும் உங்களுடையது.

அமைதியாக உட்கார்ந்தும் கர்த்தர் எதுவும் பேசவில்லை.

பெரும்பாலான நாளில் அப்படித்தான் இருக்கும். குரல் கேட்டது, ஒளி தெரிந்தது என்று சாட்சி சொல்கிறவர்களோடு உங்களை ஒப்பிட வேண்டாம். ஒரு மாதம் கழித்து வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள்: என் கோபம் குறைந்திருக்கிறதா? அவர்கள் சொல்வதை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை. மாதக்கணக்கில் வெளிமாநிலம். போர் போடும் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது, ராத்திரி லாரியிலேயே தூக்கம். எனக்கு என்ன சொல்வீர்கள்?

ஒரு பாயின்ட் (போர் போடும் இடம்) முடிந்து அடுத்த பாயின்ட்டுக்கு வண்டி நகரும் நேரம் உங்களுடையது. கேபினில் பாட்டு ஓடும், மற்றவர்கள் தூங்குவார்கள். ‘பத்து நிமிடம் பாட்டை நிறுத்தலாங்களா’ என்று டிரைவரிடம் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் பரவாயில்லை, பாட்டோடேயே ஜெபியுங்கள். கிளம்பும்போது ஒரு சங்கீதத்தை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். 23 எல்லாருக்கும் தெரியும், 121ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எட்டே வசனம், வழிப்பயணக்காரர்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். ஊருக்கு வந்ததும் சபைக்கு வாருங்கள், எந்த வசனம் எந்த ஊரில் நினைவுக்கு வந்தது என்று கேட்க எங்களுக்கு ஆசை.